நகைச்சித்திரப் புலவர் வில்லியம் ஹோகார்த்

ஒருவர் தம் இல்லத்துச் சுவரில் எவ்வகைப் படங்களை மாட்டி வைத்திருக்கின்றாரோ, அவற்றைக் கொண்டு அவருடைய உள்ளப் பாங்கை ஒருவாறு உய்த்துணரலாம். முன்னோரின் உருவப் படங்களை மாட்டுவோர் உளர்; வேத வசனங்களைக் கண்ணாடியிட்டு மாட்டுவோர் உளர்; மலையும் அருவியும் தீட்டிய படங்களை அழகு கருதி மாட்டுவோரும் உளர். மாந்தரின் மடமையையும் செருக்கையும் எள்ளி நகையாடும் படங்களை விலைகொடுத்து வாங்கிச் சட்டமிட்டு, விருந்தினர் வந்தமரும் கூடத்திலேயே தொங்கவிடும் வழக்கமும் உலகில் உண்டு. ஆங்கில நாட்டில் இவ்வழக்கம் வேரூன்றுதற்குப் பெருங்காரணமாய் இருந்தவர் வில்லியம் ஹோகார்த் என்னும் சித்திரப் புலவர். அவர் மறைந்து இரண்டரை நூற்றாண்டுகள் கடந்தும் அவருடைய படங்கள் மீண்டும் மீண்டும் படியெடுக்கப்பெற்று இல்லங்களை அணிசெய்து வருகின்றன. அப்படங்களைக் கண்டு நகைப்போர் பலர். அவற்றை ஆக்கியோரின் வாழ்க்கையை அறிந்தோர் சிலரே. அவ்வாழ்க்கையை நம் கல்லூரி அன்பர்களுக்குச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

ஹோகார்த் 1697-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 10-ஆம் நாள், இலண்டன் மாநகரில் ஸ்மித்பீல்டு சந்தையை அடுத்த பார்த்தலோமியு குளோஸ் என்னும் இடத்தில் பிறந்தார். அவர் தந்தையார் ரிச்சர்டு ஹோகார்த் வடபகுதியிலுள்ள வெஸ்ட்மோர்லாந்து நாட்டினின்று தலைநகர்க்கு வந்து குடியேறியவர். இலத்தீன் மொழியில் வல்லவர். பள்ளி நடத்தியும் பாடநூல்கள் எழுதியும் காலங்கழித்தவர். கல்வி மிக்க அவரிடம் செல்வம் தங்கவில்லை. இலத்தீன் மொழியிலேயே உரையாட விரும்புவோர் கூடுதற்கென ஒரு காப்பிக்கடையை அவர் தொடங்கினார். அம்மொழியிற் பேசிக்கொண்டு காப்பி அருந்துவோர் எத்துணைப் பேர் இருப்பர்? கடை நொடித்தது, கடன் மிகுந்தது. அந்நாளில் கடனைத் தீர்க்க இயலாதவரைச் சிறையிலடைப்பது நாட்டுச் சட்டமாதலின், பிளீட் சிறைச்சாலையின் எல்லைக்குள் அவர் சில ஆண்டுகள் அடைபட்டிருந்தார். வில்லியம் அப்பொழுது சிறுவன். நூலெழுதியவர் வறுமையில் வாட, அந்நூலை விற்ற வணிகர் கொழுத்து வாழ்ந்ததை அச்சிறுவன் கண்ணாரக் கண்டான். பிற்காலத்தில் அவர் செய்த பெரும்போர் ஒன்றன் வித்து இவ்விடத்தே விழுந்தது என்று நாம் கருதுகின்றோம்.

ஓவியத்தில் இயற்கையாகவே விருப்பமிகுந்த வில்லியம், எல்லிஸ் காம்பிள் என்னும் வெள்ளிப் பாத்திர வேலைக்காரரிடம் தொழில் பயிலும் மாணாக்கராகச் சேர்க்கப்பட்டார். செல்வர்தம் வெள்ளித் தட்டுகளிலும் கிண்ணங்களிலும் குலச்சின்னங்களைச் செதுக்குவதே ஆண்டு வேலை. சிங்கமும் கழுகும் நாள்தோறும் ஒரே வகையாய்ச் செதுக்குவதில் அவர் மனம் சலித்தது. தெருவில் கண்ட மாந்தரின் முகமும் நடையும் சண்டையும் சிரிப்புமே அவர் நெஞ்சைக் கவர்ந்தன. கண்ட காட்சியை நினைவிற் பதித்துக்கொள்ளுதற்கு ஒரு தனிப் பயிற்சியை அவர் மேற்கொண்டார். விரைவில் மறையும் முகபாவத்தைத் தம் கட்டைவிரல் நகத்தின் மேலேயே குறித்துக்கொள்வார் என்பர். 1718-ஆம் ஆண்டில் தந்தையார் காலஞ்சென்றார். பயிற்சிக் காலம் முற்றுப்பெறுமுன்னரே ஆசானை விட்டு நீங்கிய ஹோகார்த், 1720-ஆம் ஆண்டில் தாமே தனித்துச் செதுக்குத் தொழில் நடத்தத் தொடங்கினார்.

செப்புத் தகட்டுச் சித்திரத்தின் முறையை ஈண்டுச் சிறிது விளக்குதல் தகும். மெருகிட்ட செப்புத் தகட்டின்மேல் கூரிய உளி கொண்டு கோடுகோடாக அகழ்தல் ஒரு முறை. தகட்டின்மேல் மெழுகு பூசி, ஊசியாற் கீறித் திராவகத்தில் இட்டுக் கீறிய இடத்தை அரிக்கச் செய்தல் மற்றொரு முறை. அகழ்ந்த கோடுகளில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரமாக்கிய காகிதத்தை அதன்மேலிட்டு உருளைகளுக்கிடையே அழுத்திச் செலுத்தினால், சித்திரம் இடவலம் மாறிக் காகிதத்திற் பதியும். ஓர் ஓவியம் ஓரிடத்தில் ஒருவர் கண்டு களித்தற்கே உரியது. ஒரு தகடோ நூற்றுக்கணக்கான படிகளைத் தரவல்லது. ஓவியத்தை வாங்குவோர் பிரபுக்கள். அச்சுப் படத்தை வாங்குவோர் கடைக்காரரும் வழக்கறிஞரும் விடுதி நடத்துவோரும் ஆவர். இவ்வுண்மையை நன்குணர்ந்தவர் ஹோகார்த்.

ஆயினும் ஒரு பெருந்தடை குறுக்கிட்டது. 1724-ஆம் ஆண்டில் அவர், முகமூடிக் கூத்துகளிலும் அயல்நாட்டு இசை நாடகங்களிலும் மயங்கித் திரிந்த நகர மக்களை எள்ளி ஒரு படம் வெளியிட்டார். படம் நன்கு விலைபோகுமென்று கண்ட படக்கடைக்காரர்கள் உடனே அதனைப் பார்த்துக் கள்ளப் பிரதிகள் செய்வித்துக் குறைந்த விலைக்கு விற்றனர். உழைத்தவருக்கு ஊதியம் இல்லை. திருடியவர் பைகள் நிறைந்தன. அந்நாளில் இதனைத் தடுக்கச் சட்டம் ஏதும் இல்லை. தந்தைக்கு நேர்ந்த கதி தமக்கும் நேருமோ என்று அவர் அஞ்சியிருப்பின் அது வியப்பன்று.

அக்காலத்திற் புகழோங்கி விளங்கிய ஓவியர் ஸர் ஜேம்ஸ் தார்ன்ஹில். இலண்டன் தூய பவுல் பேராலயத்தின் கவிமாடத்துள் ஓவியந் தீட்டியவர் அவரே. அவருடைய சித்திரப் பள்ளியில் பயின்ற ஹோகார்த், ஆசானின் மகளாகிய ஜேன் என்னும் நங்கையின்பால் அன்பு பூண்டு, 1729-ஆம் ஆண்டில் தந்தையாரின் இசைவின்றியே அவளை மணம் புரிந்தார். மாமனார் சினங்கொண்டார். பின்னர், மருகர் தீட்டிய புதிய ஓவியங்களை அவர் கண்ணிற் படுமாறு வீட்டார் வைத்ததாகவும், அவற்றைக் கண்டு அவர் சினந் தணிந்ததாகவும் கூறுவர்.

அவ்வோவியங்களே ஹோகார்த்தின் பெயரை நாடெங்கும் பரப்பின. நாட்டுப்புறத்தினின்று பிழைப்புத் தேடி இலண்டன் வந்த இளம்பெண் ஒருத்தி, வண்டியினின்று இறங்கிய அன்றே வஞ்சகி ஒருத்தியின் வலையிற் சிக்கி, நெறி தவறி, சிறைப்பட்டு, நோயுற்று, இளமையிலேயே மாய்ந்த கதையை ஆறு காட்சிகளில் அவர் தீட்டினார். முதற் படத்தில், அப்பெண் ஏமாற்றப்படும் இடத்திற்கு மிக அணித்தே குருவானவர் ஒருவர் குதிரைமேல் அமர்ந்திருக்கின்றார். அவர் கண்கள் கையிலுள்ள கடிதத்தில் பதிந்துள்ளன. ஆபத்திலுள்ள ஆத்துமாவை அவர் திரும்பியும் பார்த்தாரல்லர். திருச்சபையின் பணியில் பங்குகொண்ட நம்மனோர்க்கு இவ்வொரு மூலையே போதிய பாடமாம். 1732-ஆம் ஆண்டில் இவ்வாறு படங்களும் ஒரு தொகுதியாய், ஒரு கினி விலைக்கு, முன்பணம் செலுத்திக் கையொப்பமிட்டோர்க்கு வழங்கப்பட்டன. ஆயிரத்து இருநூற்றுக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். மூல ஓவியங்கள் ஆறும் 1755-ஆம் ஆண்டில் பான்ட்ஹில் மாளிகையில் நிகழ்ந்த தீயில் வெந்து நீறாயின. சுவர்தோறும் தொங்கிய அச்சுப் படங்களினாலேயே அக்கதை அழியாது நிலைத்தது.

இம்முறையும் கள்வர்கள் வாளாவிருக்கவில்லை. கள்ளப் பிரதிகள் பெருகின. இம்முறை ஹோகார்த்தும் வாளாவிருக்கவில்லை. தம் தொழிலைச் சார்ந்த சிலரை ஒன்றுகூட்டி, பார்லிமெண்டுக்கு விண்ணப்பம் செய்தார். அதன் பயனாக 1735-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் பிறந்தது. ஒரு சித்திரத்தைத் தாமே புனைந்து செதுக்கியவர்க்கு அதன்மேல் 14 ஆண்டு உரிமை உண்டென்றும், அவர் இசைவின்றிப் படியெடுப்போர் தகட்டையும் படிகளையும் இழப்பதோடு, பிடிபட்ட ஒவ்வொரு படிக்கும் ஐந்து ஷில்லிங் தண்டம் இறுக்க வேண்டுமென்றும் அச்சட்டம் விதித்தது. ஹோகார்த் சட்டம் என்றே மக்கள் அதனை வழங்கினர். அவ்வாண்டு ஜூன் 25-ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. அதுவரை தம்முடைய அடுத்த தொகுதியை வெளியிடாது காத்திருந்த ஹோகார்த், அதே நாளில் அதனை வெளியிட்டார். அதற்குள்ளும் சிலர், பார்வையாளரைப் போல் அவர் வீட்டிற்குச் சென்று ஓவியங்களை நோக்கி, நினைவிற்கொண்டு போய்ப் போலிப் படங்களை முந்தி வெளியிட்டனர். அவரோ தளர்ந்தாரல்லர். தம் இசைவுடனேயே சிறிய படிகளைச் செய்வித்து, முழுத் தொகுதியை இரண்டு ஷில்லிங் ஆறு பென்ஸ் விலைக்குக் கிடைக்கச் செய்தார். எளியோர் கள்வரிடம் செல்லாது நேர்வழியில் வாங்குதற்கு இது வழியாயிற்று.

அத்தொகுதி, கருமியான தந்தை ஈட்டிய பொருளையெல்லாம் ஆடம்பரத்திலும் சூதிலும் தொலைத்து முடிவில் பித்தர் விடுதியிற் கிடந்து மாயும் இளைஞன் ஒருவனின் கதையை எட்டுப் படங்களில் உரைப்பது. ஏழாம் படத்தில் அவ்விளைஞன் அடைபட்டிருக்கும் இடம் பிளீட் சிறைச்சாலையே. அங்கே மற்றொரு கைதியின் கையினின்று ஒரு காகிதம் நழுவி விழுகின்றது; தன் கடனைத் தீர்க்க வகையறியாத அவன், நாட்டின் கடனையெல்லாம் தீர்ப்பதற்கு வகுத்த திட்டமாம் அது! காண்போர் நகைப்பர். ஆயின், இலத்தீன் காப்பிக்கடை என்னும் திட்டத்தால் கெட்ட ஒருவரின் மகன் இதனைத் தீட்டினார் என்பதை அறிந்தோர்க்கு அந்நகை நெஞ்சிலே தங்கிவிடும்.

ஹோகார்த்தின் படங்களைக் கூர்ந்து நோக்குவோர் ஒன்றைக் காண்பர். அவர் வரைந்த அறைகளின் சுவர்களிலும் படங்கள் தொங்குகின்றன. அப்படங்கள் அவ்வறையில் வாழ்வோரின் இயல்பை வெளியிடுகின்றன. நெறி தவறிய பெண்ணின் அறைச்சுவரில் நாடகத்துக் கொள்ளைக்காரன் ஒருவனின் உருவம் காணப்படும். 1745-ஆம் ஆண்டில் வெளிவந்த 'நாகரிக விவாகம்' என்னும் தொகுதியில், குலப்பெருமை மிக்க பிரபு ஒருவர் தம் மகனைப் பணக்கார வணிகனின் மகளுக்கு விலைபேசுகின்றார். அவருடைய கூடத்துச் சுவரெங்கும் அயல்நாட்டுப் பழைய ஓவியங்கள், பெரும்பாலும் கொலையும் வதையும் காட்டுவன. விலையுயர்ந்தவை என்பதற்காகவே வாங்கி மாட்டப்பட்ட அவற்றின் பொருளை அவ்வீட்டார் நோக்குவதில்லை. அன்பில்லாத திருமணம் கொலையில் முடியப்போவதைச் சுவர் முன்னரே அறிவித்துக்கொண்டிருக்கின்றது. இத்தொகுதியின் மூல ஓவியங்கள் ஆறும் 1751-ஆம் ஆண்டில் 120 கினிக்கே விலைபோயின. போட்டியிட்டு வாங்குவார் இல்லாமையால் ஹோகார்த் மனமுடைந்தார். அவையே 1824-ஆம் ஆண்டு முதல் இலண்டன் தேசிய ஓவியச் சாலையின் செல்வங்களாய் விளங்குகின்றன.

பிறர் குற்றம் கண்டு நகைத்தவர் பிறர் துயர் கண்டு இரங்கினாரோ என்று வினவலாம். ஆம், இரங்கினார். தாம் பிறந்த இடத்தை அடுத்த தூய பார்த்தலோமியு மருத்துவமனையின் படிக்கட்டுச் சுவர்களில் பெதஸ்தா குளத்தையும் நல்ல சமாரியனையும் ஊதியம் பெறாது தீட்டிக் கொடுத்தார். தெருவில் எறியப்பட்ட குழந்தைகளைக் கண்டு உள்ளம் நைந்த கப்பற்றலைவர் தாமஸ் கோரம் என்பவர் பல்லாண்டு உழைத்து 1739-ஆம் ஆண்டில் அரச பட்டயம் பெற்று ஓர் அனாதைக் குழந்தைகள் இல்லத்தை நிறுவினார். அதன் ஆட்சிக் குழுவில் ஹோகார்த்தும் ஒருவரானார். மன்னர்க்கும் பிரபுக்களுக்கும் உரியதாயிருந்த பெரிய உருவப்படத்தின் முறையில், எளிய மேலங்கி அணிந்த கோரத்தின் உருவத்தைத் தீட்டி இல்லத்திற்கு வழங்கினார். அவரைப் பின்பற்றி ஏனைய ஓவியர்களும் தத்தம் படங்களை ஈந்தனர். அவற்றைக் காண நகர மக்கள் திரண்டு வந்தனர். மகப்பேறு இல்லாத ஹோகார்த்தும் அவர் மனைவியாரும் அவ்வில்லக் குழந்தைகள் சிலரைத் தம் வீட்டில் வைத்து வளர்த்தனர்.

1747-ஆம் ஆண்டில் அவர் 'முயற்சியும் சோம்பலும்' என்னும் பன்னிரண்டு படங்களை வெளியிட்டார். பிரபுக்களுக்காக அன்றித் தொழில் பயிலும் இளைஞர்களுக்காகவே அவற்றை அமைத்தார். ஆதலின் நுண்வேலைப்பாட்டைக் குறைத்து விலையையும் குறைத்தார். நெசவாளர் ஒருவரிடம் தொழில் பயிலும் இருவருள், ஒருவன் உழைத்து உயர்ந்து முதலாளியின் மகளை மணந்து இலண்டன் நகரத் தலைவனாகின்றான். மற்றவன் சோம்பித் திரிந்து தீயோருடன் கூடித் தூக்குமரத்தில் முடிகின்றான். ஒவ்வொரு படத்தின் கீழும் வேத வசனம் ஒன்று பொறிக்கப்பெற்றுள்ளது. முதற் படத்திலேயே உழைப்பாளியின் பின்னுள்ள சுவரில், ஏழையாயிருந்து நகரத் தலைவனானதாகக் கதை கூறும் விட்டிங்டன் என்பவரின் கதைப்பாட்டு ஒட்டப்பட்டிருக்கின்றது. முதலாளிமார் பலர் இப்படங்களை வாங்கித் தம் தொழிற்சாலைச் சுவர்களில் மாட்டினர். இக்கதையில் ஒரு நுட்பம் உண்டு. ஆசானின் மகளை மணந்து உயர்ந்தவரும் ஹோகார்த்தே. பயிற்சியை முடிக்காது ஆசானை விட்டு நீங்கியவரும் ஹோகார்த்தே. இருவர் முகத்தையும் அவர் தம் கண்ணாடியிலேயே கண்டிருத்தல் கூடும்.

அந்நாளில் ஜின் என்னும் சாராயம் இலண்டன் ஏழைகளைச் சூறையாடிற்று. 1751-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவர் வெளியிட்ட 'ஜின் சந்து' என்னும் படத்தில், குடிவெறியில் மயங்கிய தாயின் கையினின்று குழந்தை படிக்கட்டின் கீழே விழுகின்றது. அவளோ மூக்குப்பொடி எடுப்பதில் முனைந்திருக்கின்றாள். சந்து முழுதும் பாழ். அடகுக் கடைக்காரனோ செழித்திருக்கின்றான். இதற்கு இணையான 'பீர் வீதி' என்னும் படத்தில் யாவரும் நலமுற்றிருக்க, அடகுக் கடை ஒன்றே இடிந்து கிடக்கின்றது. எவ்வகை மதுவும் தீதென்று கொள்ளும் நம்மனோர் இரண்டாம் படத்தின் கொள்கையை ஏற்கமாட்டோம். எனினும் முதற் படத்தின் வன்மையை மறுப்பார் இலர். படமொன்றின் விலை ஒரு ஷில்லிங். அவ்வாண்டிலேயே ஜின் விற்பனையைக் கட்டுப்படுத்தும் சட்டம் நிறைவேறியது. நாட்டில் எழுந்த பல குரல்களோடு இப்படத்தின் குரலும் சேர்ந்தொலித்தது எனல் மிகையாகாது. விலங்குகளை வதைக்கும் சிறுவன் கொலைஞனாக முடிவதைக் காட்டும் 'கொடுமையின் நான்கு படிகள்' என்னும் தொகுதியும் அவ்வாண்டினதே.

அவர்பாற் குறைகள் இல்லாமலில்லை. தற்பெருமை மிக்கவர், அயல்நாட்டவரை இகழ்தலில் இன்பங் கண்டவர். 1748-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டுக் கலே நகர வாயிலை வரைந்துகொண்டிருந்தபோது ஒற்றரென ஐயுற்றுப் பிடிக்கப்பட்டார். திரும்பியதும் அந்நாட்டாரை எள்ளி ஒரு படம் தீட்டிப் பழிதீர்த்துக்கொண்டார். 1753-ஆம் ஆண்டில் 'அழகின் ஆராய்ச்சி' என்னும் நூலை எழுதி, வளைந்து நெளியும் கோடே அழகின் அடிப்படை என்று நிறுவ முயன்றார். மெச்சினோரும் இருந்தனர், ஏளனம் செய்தோரும் இருந்தனர். 1757-ஆம் ஆண்டில் அரண்மனை ஓவியப் பதவி எய்தினார். பதவி அவரை அரசியற் பூசலுள் இழுத்தது. 1762-ஆம் ஆண்டில் அமைச்சர் கட்சிக்குச் சார்பாக ஒரு படம் வெளியிடவே, பழைய நண்பர்களாகிய ஜான் வில்க்ஸ், சார்லஸ் சர்ச்சில் இருவரும் அவரை எழுத்தால் வதைத்தனர். அவரும் வில்க்ஸின் மாறுகண்ணை மிகைப்படுத்தி ஒரு படம் செதுக்கினார். ஏறத்தாழ நாலாயிரம் படிகள் விற்றன. பிறருடைய மடமையை நகைத்துத் திருத்திய உளி, இறுதியில் நண்பரின் உடற்குறையை நகைக்கும் கருவியாயிற்று. இதனைக் கூறாது விடின் நாம் உண்மைச் சரிதம் எழுதினோம் ஆகோம்.

1764-ஆம் ஆண்டு, உலகின் முடிவைக் காட்டும் படம் ஒன்றைத் தம் இறுதிப் படமாக வெளியிட்ட ஹோகார்த், அவ்வாண்டு அக்டோபர்த் திங்கள் 26-ஆம் நாள் லெஸ்டர் பீல்ட்ஸ் இல்லத்தில் உயிர் நீத்தார். சிஸிக் என்னும் ஊரிலுள்ள தூய நிக்கொலாஸ் ஆலயத்து வளவில் அவர் உடல் அடக்கஞ் செய்யப்பட்டது. நடிகர் திலகம் டேவிட் காரிக் கல்லறைக்குரிய செய்யுளை இயற்றினார். ஹோகார்த் மனைவியார்க்கு வைத்துச் சென்ற சொத்துள் தலையாயவை செப்புத் தகடுகளே. 1767-ஆம் ஆண்டுச் சட்டம் சித்திர உரிமையை 28 ஆண்டுகளாக நீட்டியதோடு, ஹோகார்த்தின் படங்களின்மேல் அவர் கைம்பெண்ணுக்கு 20 ஆண்டுத் தனியுரிமையும் அளித்தது. நூலெழுதிய தந்தையார் கடனாற் சிறைப்பட்டார். மகனோ, தாம் போராடிப் பெற்ற உரிமையால், தமக்குப் பின்னும் மனைவியார் படங்களை விற்று வாழ வழி செய்தார்.

பின்னாளில் பெரும்புகழ் பெற்ற கட்டுரையாசிரியர் சார்லஸ் லாம், தாம் சிறுவராயிருந்தபோது பழைய மாளிகை ஒன்றன் கூடத்துச் சுவர்களில் தொங்கிய ஹோகார்த் படங்களை நோக்கி நின்றதைத் தம் இளமையின் உயர்ந்த இன்பங்களுள் ஒன்றாக 1811-ஆம் ஆண்டில் எழுதினார். ஹோகார்த்தின் படங்கள் வெறுமனே காண்பதற்கல்ல, நூல்களைப் போல் படிப்பதற்குரியன என்பது அவர் கருத்து. அம்மாளிகையை அழகுசெய்யவென்றே யாரோ ஒருவர் அப்படங்களை மாட்டியிருப்பர். ஒரு சிறுவனின் அறிவு அங்கே வளர்ந்தது.

அன்பர்களே, சுவரில் மாட்டிய படம் நாளடைவில் கண்ணுக்குப் பழகிவிடும். பழகியபின் அது இருப்பதும் இல்லாததும் ஒன்றாகிவிடும். நகைச்சித்திரத்திற்கு இதனினும் பெரிய கேடு இல்லை. குடிகாரியையும் ஊதாரியையும் கண்டு சிரித்துவிட்டு அப்பாற் செல்வோர், குதிரைமேல் அமர்ந்து கடிதம் படித்த குருவானவரையும் ஒருமுறை நோக்குவாராக. வண்டியினின்று இறங்கிய பெண்கள் நம் நகரங்களிலும் உளர். நம் கையிலும் எப்பொழுதும் ஏதேனும் ஒரு கடிதம் இருக்கின்றது. அதனினின்று கண்ணை உயர்த்த நாம் கற்றுக்கொண்டோமாயின், பிளீட் சிறையெல்லைக்குள் வளர்ந்த அச்சிறுவன் செப்பில் அகழ்ந்த கோடுகள் வீண்போகா.